புஸ்பராணி சொன்ன பெயர்கள்

“ஆனைக்கு அடையாள அட்டை இல்லையெண்டா அதுக்கும் என்ர மனிசனோ பொறுப்பு?”

பதிவுக் கந்தோரின் யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு புஸ்பராணி போட்ட சத்தத்தில் பின்னால் வரிசையில் நின்ற சனம் ஒதுங்கியது. வாசலில் துவக்கோடு நின்ற ஆமிக்காரப் பெடியன் கூடத் திரும்பிப் பார்த்தான். உள்ளே மேசையில் இருந்த அருளம்பலம் கிளாக்கர் மட்டும் நிமிரவில்லை. இப்படியான சத்தங்களைக் கேட்டுக் கேட்டு அவருடைய காது தழும்பேறிப் போயிருந்தது.

“தங்கச்சி, மெல்லக் கதையுங்கோ. உள்ளுக்குப் பெரியவர் இருக்கிறார்.”

“இருக்கட்டும், கேக்கட்டும். இரவில உன்ர மனிசன் எங்க போறவரெண்டு கேட்டியள். வயலுக்கு ஆனைக்காவலுக்குப் போறவரெண்டு சொன்னனான். ஏன் இவ்வளவு பற்றரி வாங்கினவரெண்டு கேட்டியள். ஆனைக்கு ரோச் அடிக்கத்தான் எண்டு சொன்னனான். இன்னும் என்ன வேணும்? ஆனையைக் கூட்டிக்கொண்டு வந்து இந்த வாங்கில இருத்தட்டோ, சாட்சி சொல்ல?”

வரிசையில் யாரோ சிரித்துவிட்டு, சிரித்தது தப்பென்று வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

“நான் நம்புறன் தங்கச்சி. நான் நம்பி என்ன? கொம்பியூட்டர் உங்கட வீட்டுக்குச் சிவப்புப் போட்டிருக்கு.”

“அதை ஆர் போட்டது? அவரைக் கூப்பிடுங்கோ, நான் கதைக்கிறன்.”

“ஆக்கள் போடுறேல்லை. அது தானாப் போடும்.”

புஸ்பராணிக்கு வாய் பெரிது. அதை மறைத்துக் கதை சொல்லி ஒரு பலனுமில்லை. ஆனால் அன்றைக்கு அவளுடைய வாய்க்கு முன்னால் நின்று பதில் சொல்ல ஓர் ஆள் இருக்கவில்லை. ஏசினால் கோபப்படவும், அழுதால் முகத்தைத் திருப்பவும் ஒரு மனிதன் வேண்டும். மேசைக்கு மேலே ஒரு பெட்டிதான் இருந்தது. அதன் தலையில் தூசி படாமல் யாரோ பூப்போட்ட துணியொன்று போர்த்தியிருந்தார்கள்.

அது இரண்டாயிரத்தி ஏழாம் ஆண்டு. அந்தப் பெட்டி வந்தபோது திருகோணமலைச் சனம் அதை வெறுக்கவில்லை. உண்மையைச் சொன்னால், சந்தோசப்பட்டது. கொழும்பிலிருந்து கழுத்தில் ரை கட்டிய இரண்டு பேர் வந்து பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். இதற்குக் கோபம் தெரியாது, இலஞ்சம் தெரியாது, தமிழன் சிங்களவன் முஸ்லிம் என்று பார்க்காது, வீட்டு விபரத்தையும் கடை விபரத்தையும் ஒன்றாகக் கூட்டிப் பார்த்து எந்த வீடு நல்ல வீடு என்று சொல்லும், அவ்வளவுதான் என்றார்கள். நல்ல வீட்டுக்குப் பச்சை. பார்த்துக்கொள்ள வேண்டிய வீட்டுக்கு மஞ்சள். பிடிக்க வேண்டிய வீட்டுக்குச் சிவப்பு.

சனம் கை தட்டியது. ஏன் தட்டாது? அதற்கு முந்திய வருசங்களில் தலையாட்டி இருந்தான். ஊரைச் சுற்றி வளைத்து, ஆண்களை எல்லாம் வரிசையில் விட்டு, தலைக்குச் சாக்குப் போட்ட ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். சாக்கில் கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. அவன் தலையை ஆட்டினால் ஆள் சரி. வேலித் தகராறுக்கு ஆட்டினவனும் உண்டு, அடி தாங்காமல் ஆட்டினவனும் உண்டு. இனி அவன் இல்லை என்றபோது புஸ்பராணியும் இரண்டு கையாலும் தட்டினாள். வீடு வீடாக விபரம் எடுக்க வந்த பெட்டைகளுக்குக் கதிரை போட்டு, தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, கேட்டதற்கு மட்டுமல்ல, கேளாததற்கும் பதில் சொன்னாள்.

“எத்தனை பேர் சாப்பிடுறனீங்கள்?”

“ரெண்டு பேர். ஆனா அவருக்கு மூண்டு பேற்ற சாப்பாடு வேணும். இரவில ஒரு பார்சல் கட்டிக் குடுக்கிறனான்.”

“இரவில எங்க நிக்கிறவர்?”

“வீட்டில நிண்டா நான் ஏன் பார்சல் கட்டப்போறன், பிள்ளை?”

இப்படித்தான் சொன்னாள். பகிடியாகச் சொன்னாள். அந்தப் பெட்டை பகிடியை எழுதவில்லை. இரவில் வீட்டில் இல்லை, சாப்பாடு வெளியே போகிறது என்று எழுதினாள்.

புஸ்பராணி கிளிவெட்டியில் பிறந்தவள். சின்னராசாவைக் கட்டித் தம்பலகாமத்துக்குப் போனாள். அவன் வாய் திறப்பதே அரிது. அவனுக்கும் சேர்த்து இவள் கதைத்தாள். தொண்ணூறாம் ஆண்டுக் கலவரத்தில் வீடு எரிய, புருசனும் பெண்சாதியும் உடுத்த உடுப்போடு நகரத்துக்கு வந்து, உட்துறைமுகக் கரையோரம் தகரக் கொட்டிலொன்று போட்டு இருந்துவிட்டார்கள். அவள் அரிசி மா இடித்து வறுத்து வீடுகளுக்குக் கொடுத்தாள். அவன் வயலை விடவில்லை. கண்டி வீதி பஸ்ஸில் தம்பலகாமத்துக்குப் போய் உழுதான், விதைத்தான். கதிர் பால் பிடிக்கிற நாட்களில் அங்கேயே பரணில் படுத்துக் காவல் இருந்தான். காட்டிலிருந்து யானை இறங்குகிற காலம் அது. சமாதான நாளென்றால் வெடி போட்டு யானையைத் துரத்தலாம். யுத்த நாளில் வயலில் ஒரு வெடிச்சத்தம் கேட்டால் நாலு முகாமிலிருந்து பதில் வரும். அதனால் ரோச் லைற்றும் தகரப் பீப்பாவும்தான் ஆயுதம். யானையின் கண்ணில் வெளிச்சத்தை அடித்து, பீப்பாவில் தட்டி, தொண்டை கிழியக் கத்த வேண்டும். வாய் பேசாத சின்னராசா வருசத்தில் அந்த நாட்களில் மட்டும்தான் கத்துவான் என்று புஸ்பராணி ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

வயலுக்குப் போகிற வழியில் ஒரு சென்றி, ஆமிக் காவலரண். அங்கே நின்ற ஆமிக்காரனொருவனுக்கு இதெல்லாம் தெரியும். காலையில் சின்னராசா திரும்புகிறபோது “அலியா ஆவாத?” என்று கேட்பான், யானை வந்ததா என்று. சின்னராசா தலையை ஆட்டுவான். அவன் ஒரு பீடி கொடுப்பான். அவனுக்குத் தெரிந்தது அந்தப் பெட்டிக்குத் தெரியாது. அவனிடம் யாரும் கேட்கவில்லை. புஸ்பராணி அவனைத் தேடிப்போய் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லிக் கேட்கலாமென்று நினைத்தபோது, அவனை வடக்குக்கு மாற்றிவிட்டார்கள்.

சின்னராசாவைக் கொண்டுபோனது விடியற்காலையில். வயலிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தான். இந்த முறை வரிசையில் விடவில்லை, சாக்குக்காரன் வரவில்லை. ஒரு கடதாசியைப் பார்த்து நேரே வந்து, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, “விசாரிச்சுப்போட்டு விடுவம்” என்றார்கள். மரியாதையாகத்தான் கூட்டிக்கொண்டு போனார்கள். மரியாதையாகப் போனவர்கள் திரும்பி வராத காலம் அது என்பதால் புஸ்பராணி ஜீப்புக்குப் பின்னால் செருப்பில்லாமல் ஓடினாள்.

பற்றரி விபரம் எங்கிருந்து போனது என்று அவளுக்குத் தெரியும். நேரே ஸஹாப்தீனின் இரும்புக்கடைக்குப் போனாள். ஸஹாப்தீனும் பெண்சாதி நபீஸாவும் பக்கத்து வளவுக்காரர். புஸ்பராணி காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி காய்ச்சிக் கொடுத்த குடும்பம்.

“நானா, என்ர மனிசனை நீங்களோ வித்தனீங்கள்?”

“அப்பிடிச் செல்லாத புள்ள,” ஸஹாப்தீன் தராசுக்குப் பின்னால் குறுகிப்போய் நின்றார். “பற்றரி, மருந்து, வயர், ஆர் வாங்கினாலும் துண்டு எழுதிக் குடுக்கச் செல்லி ஓடர். குடுக்காட்டி கடைக்குச் சீல் வைப்பானுகள். நான் ரோச்சுக்கு எண்டும் எழுதித்தான் குடுத்த. அந்தப் பெட்டியில ரோச்சுக்கு எண்டு போட இடமில்லையாம்.”

“ஊருக்கெல்லாம் இடமிருக்கு. ரோச்சுக்கு இடமில்லை.”

நபீஸா உள்ளேயிருந்து வந்து அவளைத் தோளில் பிடித்தாள். “சண்டை பிறகு புடிப்பம். இப்ப மனிசனை எடுக்கிற வழியைப் பாருங்க. ஆரும் பெரியாக்கள் உங்கட சொந்தத்தில இல்லையா? ஆற்ற ஆக்களெண்டு அவனுகளுக்குச் செல்லுங்க. நாதியத்ததுகளெண்டு நினைச்சித்தானே புடிச்சிரிக்கானுகள்.”

அது புஸ்பராணிக்குச் சரியாகப் பட்டது. யாருக்கும் சரியாகத்தான் படும். அந்தப் பக்கத்தில் ஒருவன் எப்படிப்பட்டவன் என்று அறிய வேண்டுமானால் அவனிடம் கேட்கமாட்டார்கள். “ஆற்ற ஆக்கள்?” என்று கேட்பார்கள். இன்னாருடைய மருமகன், இன்னாருடைய சகலன், இன்ன ஊரில் பெண் எடுத்தவன் என்று பதில் வர வர, கேட்கிறவருடைய முகம் இளகும். கடன் கேட்டுப் போனாலும் பெண் கேட்டுப் போனாலும், பொலிசில் பிடிபட்டாலும், சொந்தத்தைச் சொல்லித்தான் ஆளை மீட்பது. புஸ்பராணிக்குப் பிள்ளை இல்லை. அவளுக்குச் சொந்தம்தான் சொத்து. சொல்லத் தொடங்கினால் கிளிவெட்டியில் தொடங்கிக் கடல் கடந்து போவாள்.

அதனால் மறுபடி கந்தோருக்குப் போனபோது சண்டை பிடிக்கவில்லை. தலை வாரி இழுத்து, நல்ல சீலையாகப் பார்த்து உடுத்துக்கொண்டு போனாள்.

“ஐயா, எங்களை ஆரெண்டு நினைச்சியள்? எங்கட ஆக்களைச் சொல்லுறன், அதையும் அதுக்குள்ள போட்டுப் பாருங்கோ.”

அருளம்பலம் ஒரு கணம் அவளை நிமிர்ந்து பார்த்தார். ஏதோ சொல்ல வந்தது போல இருந்தது. அதற்குள் பெரியவர் உள்ளேயிருந்து வந்துவிட்டார். நாற்பது வயதுக்காரர், நல்ல மனிதர் போலத்தான் இருந்தார். உடைந்த தமிழில், “அம்மாவுக்குக் கதிரை குடுங்க,” என்றார். “சொல்லுங்க. எல்லாம் சொல்லுங்க. கூடச் சொன்னா நல்லது.”

சின்னராசாவைப் பிடித்த நாளிலிருந்து அவளை இருக்கச் சொன்ன முதல் மனிதர் அவர். புஸ்பராணி இருந்தாள், சொன்னாள்.

“கிளிவெட்டியில என்ர பெரியப்பா குலசிங்கம், வாய்க்கால் தண்ணி பங்கிடுற வட்டவிதானையாரா இருந்தவர். அவர் சொன்னா அந்தப் பக்கம் மறுபேச்சில்லை. தோப்பூரில சோமசேகரம், எங்கட அவற்ற மச்சான் முறை, விதைநெல்லு விக்கிறவர். முஸ்லிம் சனமே அவரிட்டத்தான் வாங்கும். என்ர தங்கச்சி பூரணியின்ர மனிசன் பாக்கியரத்தினம். சம்பூரில சொந்த றக்ரர் வைச்சிருந்தவர், ஐயா. ஆர் கேட்டாலும் ஏலாதெண்டு சொல்லமாட்டார். சண்டையில எல்லாம் விட்டுட்டு வந்து, இப்ப பாவம், கிளிவெட்டி முகாமில ரென்ற்றுக்குள்ள இருக்கினம். எங்கட மாமியின்ர மகள் ஒராள் கிளிநொச்சியில கலியாணம் முடிச்சவ. நல்ல வசதியான இடம்.”

அருளம்பலத்தின் விரல் விசைப்பலகையில் நின்றது. “தங்கச்சி, அது காணும்.”

“ஏன் காணும்? இன்னும் கிடக்கு.”

“அடிங்க,” என்றார் பெரியவர்.

அவர் அடித்தார். புஸ்பராணி ஒவ்வொரு பெயருக்கும் ஊரும் முறையும் தொழிலும் சொன்னாள். தண்ணீர் தந்தார்கள், குடித்தாள். வீட்டுக்குப் போகும் வழியில் பத்திரகாளி கோயிலில் கற்பூரம் கொளுத்தினாள். பெரிய மனிசர் இருந்து கேட்டவர், இனிப் பயமில்லை என்று நபீஸாவுக்குச் சொன்னாள். அன்றைக்கு இரவு நித்திரையும் வந்தது.

பிறகு நடந்ததைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடலாம். சின்னராசாவை ஊர் முகாமிலிருந்து எடுத்து, தெற்கே எங்கோ ஒரு தடுப்பு முகாமுக்கு ஏற்றிவிட்டார்கள். முந்தி அவன் இரவில் வீட்டில் நிற்காத ஒருவன் மட்டும்தான். இப்போது சம்பூரில் றக்ரர் வைத்திருந்தவனின் சகலன், புலிகளின் பிடியிலிருந்த கிளிநொச்சிக்குப் பெண் கொடுத்த குடும்பத்தவன், கிளிவெட்டியில் சொல்லுக்கு மதிப்புள்ள ஒருவரின் மருமகன். அந்தப் பெட்டிக்கு மதிப்பென்றால் என்னவென்று தெரியாது. யாரிலிருந்து யாருக்குக் கோடு போகிறது என்று மட்டும் தெரியும். கோடு போன இடமெல்லாம் நிறம் மாறியது.

அதைப் புஸ்பராணியும் நபீஸாவும் அறிந்துகொண்டது பூரணி மூலம். மூதூரிலிருந்து லோஞ்சுப் படகில் வந்து இறங்கி, இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகப் பிள்ளைகளோடு அவள் கொட்டில் வாசலில் வந்து நின்றாள். புஸ்பராணி “வா பிள்ளை” என்று எழும்பினாள். பூரணி உள்ளே வரவில்லை.

“நீயோ அக்கா, இவற்ற பேரைச் சொன்னனீ?”

“எந்தப் பேர்?”

“எங்கட ரென்ற்றுக்கு முன்னால வந்து நிண்டு, சின்னராசாவின்ர சகலன் ஆரெண்டு கேட்டவை. முகாமில அவ்வளவு சனத்துக்குள்ள ஒருத்தருக்கும் தெரியாது நாங்கள் உனக்கு என்ன முறையெண்டு. உன்னைத் தவிர ஆர் சொன்னது?”

“ஐயோ, நான் நல்லதுக்கெல்லோ சொன்னனான். நல்ல குடும்பமெண்டு காட்டத்தானே…”

“நல்ல குடும்பம்!” பூரணி சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு இடுப்பிலிருந்த பிள்ளை அழத் தொடங்கியது. “சாப்பாட்டுக்குக் கோப்பையோட வரிசையில நிண்ட மனிசனை இழுத்துக்கொண்டு போனவங்கள். கோப்பை மட்டும்தான் இப்ப என்னட்டக் கிடக்கு. சம்பூரில ஷெல்லுக்குத் தப்பி, வாகரையில பசிக்குத் தப்பி, கடைசியில உன்ர வாய்க்குத் தப்ப ஏலாமப் போச்சு.”

“பூரணி, கேளடி…”

“இனி ஆரும் கேட்டா உனக்குத் தங்கச்சி இல்லையெண்டு சொல்லு. எனக்கு அக்கா இல்லை. நான் அதைத்தான் அவங்களுக்குச் சொல்லப்போறன்.”

தண்ணீர் கூடக் குடிக்காமல் அதே லோஞ்சில் போய்விட்டாள். நபீஸா இறங்குதுறை வரைக்கும் பின்னால் ஓடி, பிள்ளைகளின் கையில் பிஸ்கட் பைக்கற் ஒன்றைத் திணித்துவிட்டு வந்தாள். புஸ்பராணி நின்ற இடத்திலேயே குந்தியிருந்தாள்.  வாய்க்கு ஒரு நாளும் ஓய்வு கொடுக்காத அந்த மனுசி, அன்றைக்கு மா வறுக்க வைத்த சட்டி காய்ந்து கருகியதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மற்றச் செய்திகளும் வந்தன. குலசிங்கத்தை விசாரணைக்கு அழைத்து வெயிலில் இருத்தி வைத்தார்கள். முதிய மனிதர் சரிந்து விழுந்தார். அதற்குப் பிறகு பாயிலிருந்து எழும்பவில்லை. சோமசேகரத்துக்கு விதைநெல் ஏற்றி இறக்கிற பாஸ் நின்றுபோனது. எங்களைத் தெரியாதென்று சொல்லச் சொல்லுங்கோ என்று ஒவ்வொரு ஊரிலிருந்தும் சொந்தக்காரர் பஸ்காரனிடம் சொல்லி அனுப்பினார்கள். காவலுக்கு ஆளில்லாத வயலில் யானைகள் இறங்கி, தின்றதை விட மிதித்தது அதிகம். அதை அவள் காதில் போட்டுக்கொள்ளவேயில்லை.

அவள் மறுபடி கந்தோருக்குப் போனாள். இந்த முறை தலையும் இழுக்கவில்லை, சீலையும் மாற்றவில்லை.

“ஐயா, நான் சொன்னதெல்லாம் அழியுங்கோ. நான் பொய் சொன்னனான்.”

“என்னத்தை?”

“எல்லாத்தையும். எனக்குப் பெரியப்பா இல்லை. தங்கச்சி இல்லை. நான் அநாதை. பெருமைக்குச் சொன்னனான். இல்லாத ஆக்களைச் சொன்னனான்.”

அருளம்பலம் கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “தங்கச்சி, அழிக்கிற வேலை எங்களிட்ட இல்லை. போடத்தான் ஏலும். இப்ப நீங்கள் சொன்னதையும் போட்டா, முதல் ஒண்டு சொன்னவ, பிறகு மாத்திச் சொல்லுறாவெண்டு பாக்கும். ஏன் மறைக்கிறாவெண்டு பாக்கும். இன்னும் சிவக்கும்.”

“உண்மை சொன்னாலும் சிவப்பு. பொய் சொன்னாலும் சிவப்பு. அப்ப பேசாமல் இருந்தா?”

“அப்பிடி இருக்கிற ஆக்களுக்கும் ஒரு நிறம் வைச்சிருக்கு.”

“அதுக்கு ஆனையைச் சொல்லித் தாங்கோ, ஐயா. ஆனை இருக்கெண்டு மட்டும் சொல்லித் தாங்கோ.”

பெரியவர் வந்தார். இம்முறையும் கதிரை கொடுத்தார். அவருக்கும் இரக்கமில்லை என்று சொல்ல முடியாது. “அம்மா, நான் உங்கட ஆள் கூடாத ஆளெண்டு சொல்லேல்லை. மெசின் சொல்லுது. நான் மெசின் சொல்லுறதைச் செய்யிறது,” என்றார்.

“மெசினைச் செய்தவை?”

“அவங்க சொல்லுறது, நாங்க குடுக்கிறதைத்தான் அது கூட்டுதாம்.”

“குடுத்த கடைக்காரனைக் கேட்டா ஓடர் எண்டுறார். ஓடர் போட்ட உங்களைக் கேட்டா மெசின் எண்டுறியள். அப்ப என்ர மனிசனைப் பிடிச்சது ஆர், ஐயா? நான் ஆருக்கு மண் அள்ளித் தூத்துறது?” கதிரையை விட்டு எழும்பினாள். “அந்தத் தலையாட்டி நாசமாப் போவான், அவனையும் நான் திட்டினனான். ஆனா அந்தச் சாக்குக்குள்ள ரெண்டு கண் இருந்தது. ஒருக்கா என்ர மனிசனுக்கு முன்னால வந்து நிண்டு, பாத்துப்போட்டு, ஆட்டாமல் போனவன். ஏனெண்டு எனக்குத் தெரியாது. அவனுக்கு ஏதோ ஒண்டு நினைவு வந்திருக்கும். இதுக்கு என்ன நினைவு வரும்?”

பெரியவருக்கு முழுவதும் விளங்கவில்லை. அருளம்பலத்தைப் பார்த்து என்ன சொல்கிறாள் என்று கேட்டார். அருளம்பலம் சிங்களத்தில் இரண்டே வார்த்தையில் ஏதோ சொன்னார். அவ்வளவு நீளமாகச் சொன்னதை இரண்டு வார்த்தையில் எப்படிச் சொன்னார் என்று புஸ்பராணிக்கு ஆத்திரமாக இருந்தது. வெளியே வரும்போது அவர் பின்னால் வந்து, வாசற்படியில் வைத்து, “என்ர வீடும் மஞ்சள், தங்கச்சி. எனக்கு ரெண்டு குமர்ப்பிள்ளையள்,” என்றார். அதற்குப் பிறகு அவரோடு சண்டை பிடிக்கவும் அவளால் முடியவில்லை.

சில கிழமைக்குப் பிறகு கந்தோரிலிருந்து ஆள் வந்தது. சின்னராசா உயிரோடு இருக்கிறான், பார்க்க விடுவார்கள். புஸ்பராணி அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதாள். நபீஸா அவளுக்குத் தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டாள். அவனுக்குப் பிடித்த எள்ளுருண்டை பிடித்து, ஒரு சாரம், ஒரு சட்டை, எல்லாவற்றையும் பையில் கட்டி வைத்தாள். அவனோடு என்ன கதைப்பது என்று இரண்டு பெண்டுகளும் கதைத்தார்கள்.

“நீங்க கதைக்காதீங்க, அவரைக் கதைக்க விடுங்க,” என்றாள் நபீஸா.

“அவர் கதைக்கிறதெண்டா அங்க ஆனை வர வேணும், ராத்தா,” என்றாள் புஸ்பராணி. அந்த நாட்களில் அவள் கடைசியாகச் சொன்ன பகிடி அது.

கந்தோரில் அருளம்பலம் அவளை இருத்தினார்.

“போறதுக்கு ரெண்டு சொந்தக்காரற்ற பேர் வேணும், தங்கச்சி.”

“நான் தனியப் போறன்.”

“அப்பிடி விடமாட்டினம். பிணைக்கு ரெண்டு பேர். பேர், ஊர், முறை. புதுப் பேராம். முந்திச் சொன்ன பேர் ஏலாதாம்.”

புஸ்பராணியின் வாய் திறந்தது. திறந்ததும் பெயர்கள் வந்து நின்றன. அவளுக்கா சொந்தத்துக்குப் பஞ்சம்? தம்பலகாமத்தில் மைத்துனி, நிலாவெளியில் ஒன்றுவிட்ட தம்பி, அவனுக்குப் போன மாதம்தான் ஆண் பிள்ளை பிறந்தது. ஒரு பெயரைச் சொன்னால் போதும், இன்னொன்றைச் சொன்னால் போதும், நாளைக்குச் சின்னராசாவின் முகத்தைப் பார்க்கலாம். நாக்கு நுனிக்கு வந்த பெயரை அவள் பல்லால் பிடித்தாள்.  அருளம்பலத்தின் கை விசைப்பலகைக்கு மேலே காத்திருந்தது.

“எனக்கு அவரைப் பாக்க வேண்டாம்,” என்றாள்.

“தங்கச்சி…”

“வேண்டாம் எண்டு சொன்னனான்.”

“அப்பிடி அடிக்கட்டோ? பாக்க மறுத்தவவெண்டு விழும். அவருக்கும் அது…”

“அடியுங்கோ ஐயா. அடிச்சு முடியுங்கோ.”

எள்ளுருண்டைப் பையை வாசலில் நின்ற ஆமிக்காரப் பெடியனின் கையில் கொடுத்துவிட்டு வந்தாள். அவன் வாங்குவதா விடுவதா என்று தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றான்.

அந்த மாதக் கடைசியில் மறுபடி வீடு வீடாக விபரம் எடுக்க வருகிறார்கள் என்று கேள்விப்பட்டாள். இந்த முறை இன்னும் கூடக் கேட்பார்களாம். யார் வீட்டுக்கு யார் வந்து போகிறார்கள், சாமத்தியவீட்டுக்கு யார் யார் வந்தார்கள், செத்தவீட்டுக்கு யார் யார் வந்தார்கள் என்று. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்த அதே பெட்டைகள் வருவார்கள். முகத்தைப் பார்த்து “அக்கா” என்று கூப்பிட்டால் தன் வாய் தன்னை மீறிவிடும் என்று அவளுக்குப் பயம். தன் வாயைப் பற்றி அவளுக்குத் தெரியாதா?

ஸஹாப்தீனின் கடைக்குப் போய்க் கண்ணாடிப் பெட்டிக்குள் கையைக் காட்டினாள்.

“பெரிய பூட்டொண்டு தாங்கோ, நானா.”

“கொட்டிலுக்கா? என்னத்தை இரிக்கி புள்ள, களவு போக?”

“வெளியால பூட்டுறதுக்கு.”

“எங்கயும் போறீங்களா?”

“இல்லை. நான் உள்ளுக்குத்தான் இருப்பன். விடியக் காத்தால ராத்தா வந்து வெளியால பூட்டிப்போட்டுத் திறப்பைக் கொண்டுபோகட்டும். அவை வந்து பாத்துப்போட்டுப் போன பிறகு பின்னேரம் வந்து திறக்கட்டும். ஆக்களில்லாத வீட்டுக்கு நிறமில்லைத்தானே?”

 பூட்டுக்குத் துண்டு எழுத வேண்டுமா என்று ஸஹாப்தீன் ஒரு கணம் யோசித்தார். பிறகு பேனையை மேசைக்குக் கீழே போட்டார். கடைக்குள்ளேயிருந்து நபீஸா அழுகிற சத்தம் கேட்டது. புஸ்பராணி முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். பித்தளைப் பூட்டு, இரண்டு திறப்போடு, இருநூற்றி எழுபது ரூபாய்.